பிளீச்சிங் பவுடர்: வீரியம் இருந்தால்தான் மருந்து

வாந்திபேதி பரவுகிறது என்றதும் தெருவோரமெல்லாம் பிளீச்சிங் பவுடரைக் கோடு கோடாகத் தூவுகிறார்கள். பார்ப்பவர்களுக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் காய்ந்த மண்ணில் கிடக்கும் பொடியால் குடிதண்ணீர் சுத்தமாகிவிடாது. அது போய்ச் சேர வேண்டிய இடம் தண்ணீர்த் தொட்டி. அங்கேயும் வீரியம் குறையாமல், சரியான அளவில் சேர வேண்டும்.

உப்பிலிருந்தும் சுண்ணாம்பிலிருந்தும்

உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரின் வாயு பிரிந்து வருகிறது. நீற்றிய சுண்ணாம்பின்மீது அந்த வாயுவைச் செலுத்திக் கிடைப்பதுதான் பிளீச்சிங் பவுடர். 1799இல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் டென்னன்ட் இதற்குக் காப்புரிமை பெற்றது துணி வெளுப்பதற்காக. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் மருத்துவர் செம்மல்வைஸ், பிரசவம் பார்க்கும் மருத்துவர்களை இந்தக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வைத்தார். பிள்ளை பெற்ற தாய்மார்களின் சாவு மளமளவெனக் குறைந்தது. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீரில் இதைத் தொடர்ந்து கலக்கத் தொடங்கியது.

வீரியம் எப்படிப் போகிறது?

புதிய பொடியில் ஏறக்குறைய 33 சதவீதம் பயன்படும் குளோரின் இருக்கும். ஈரமும் வெயிலும் காற்றும் பட்டால் அது கசிந்துகொண்டே போகும். வாய் திறந்த மூட்டையில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் சுண்ணாம்புதான்; நிறம் மட்டும் மாறாது.

1000 லிட்டருக்கு 4 கிராம் என்று போடுகிறோம். பொடி நல்லதானால் லிட்டருக்கு சுமார் 1.3 மில்லிகிராம் குளோரின் சேரும். வீரியம் 15 சதவீதமாக இறங்கியிருந்தால் அதே 4 கிராம் 0.6 மில்லிகிராம்தான் தரும். கலங்கல் தண்ணீரில் அந்தக் குளோரின் அழுக்கோடு சேர்ந்தே தீர்ந்துவிடும். கிருமியைக் கொல்ல ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் தெருக்கோடிக் குழாயில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். அங்கே லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குவதும், மூட்டையை இறுகக் கட்டி நிழலில் வைப்பதும் ஊராட்சியின் பொறுப்பு. அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கலக்கும் முறை

பொடியை அப்படியே தொட்டியில் கொட்டக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறைய ஊற்றிக் கலக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் திறக்கலாம்.

'மருந்து வாடை அடிக்கிறது' என்று அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூடாத கிணற்றுக்குப் போகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. குடத்தில் சில மணி நேரம் வைத்திருந்தாலே வாடை குறைந்துவிடும். குளோரினும் தண்ணீரிலுள்ள மட்கும் கழிவும் சேர்ந்து சில வேண்டாத வேதிப்பொருள்கள் உண்டாவது உண்மைதான். ஆனால் கிருமி நீக்காத தண்ணீரால் வரும் ஆபத்தோடு பார்த்தால் அது மிகச் சிறியது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆசிட்டோடு சேர்க்காதீர்கள்

கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரைப் போட்டு, அதன்மேலேயே ஆசிட் ஊற்றுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அடைபட்டிருந்த குளோரின் அந்தச் சின்ன அறைக்குள் வாயுவாகக் கிளம்பி நுரையீரலைத் தாக்கும். கண் எரிந்து இருமல் வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108ஐ அழையுங்கள். எதை எதோடு கலந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.