மாத்திரையால் ஈடுகட்ட முடியாத காற்று

மீஞ்சூரைச் சுற்றி வல்லூரிலும் அத்திப்பட்டிலும் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியை எரிக்கின்றன. நிலக்கரிப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை இறங்கி, செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்குகின்றன. இவற்றை அடக்குபவை ஆன்டிஆக்சிடன்ட்கள். இவற்றில் குளூட்டாதயோனை உடலே தயாரிக்கிறது. வைட்டமின் சி, ஈ உணவிலிருந்து வருகின்றன. தாக்குதல் தடுப்பை மிஞ்சும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் இந்தத் தடுப்புப் பொருள்கள் பெரும்பாலும் குறைந்தே காணப்படுகின்றன. மாசுக்காற்று அவர்களுக்குக் கூடுதல் சுமை.

குறைந்ததை மாத்திரையால் நிரப்பிவிடலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தக் குறைவு பல நேரம் நோயின் விளைவு. அதை நிரப்புவதால் நோய் விலகிவிடாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-ல் வெளியானபோது மருத்துவ உலகமே திகைத்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற சோதனை 1996-ல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. இதய நோய் அபாயம் உள்ளவர்களுக்கு வைட்டமின் ஈ உதவவில்லை என்று 2000-ல் ஹோப் என்ற ஆய்வு காட்டியது. பின்னோக்கிப் பார்த்தால் இதில் வியப்பில்லை: நம் வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்வதும் செல்களைச் சிதைக்கும் இதே ஆக்சிஜன் மூலக்கூறுகளால்தான். அவற்றை முற்றாக அடக்குவது நம் நோக்கமாக இருக்க முடியாது. நெல்லிக்காயும் கீரையும் நல்ல உணவு, சந்தேகமில்லை. ஆனால் சுத்தமான காற்றுக்கு அவை மாற்றல்ல. பி.எம். 2.5 எனப்படும் இந்த நுண்துகள்களுக்கு இந்தியா வகுத்த ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது 5. நோயாளிக்கு மாத்திரை எழுதும் முன் இந்த இடைவெளியைத்தான் குறைக்க வேண்டும்.