உறுப்பு தானம்: தொற்றைக் கண்காணிக்க பதிவு ஏன் அவசியம்?

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உறுப்புகள் 8 பேர் வரை உயிர் காக்கலாம். அவருக்குக் கண்டறியப்படாத தொற்று இருந்தால், அதுவும் அவர்களுக்குப் பரவக்கூடும்.

ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் தானத்துக்கு முன்பே செய்யப்படுகின்றன. எனினும், தொற்றிய தொடக்க நாள்களில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்காது என்பதால் முடிவு தவறலாம். ரேபிஸுக்கு வழக்கமான பரிசோதனையே இல்லை.

அமெரிக்காவின் டெக்சாஸில் 2004-இல், ரேபிஸ் பாதித்த கொடையாளரின் கல்லீரல், சிறுநீரகங்களைப் பெற்ற மூவர் உயிரிழந்தனர். சேமித்து வைக்கப்பட்ட அவரது ரத்தக்குழாய்த் துண்டு பொருத்தப்பட்ட நான்காமவரும் இறந்தார்; அந்தத் தொடர்பு பின்னரே தெரியவந்தது.

ஒருவருக்குத் தொற்று தெரிந்தவுடன் மற்றவர்களை எச்சரிக்க, எந்த உறுப்பு யாருக்குச் சென்றது என்ற பதிவு தேவை. இந்தியாவில் ஒவ்வொரு மாற்று சிகிச்சைக்கும் தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பான நோட்டோவின் அடையாள எண்ணைப் பெறுமாறு மத்திய சுகாதார அமைச்சகம் 2024-இல் அறிவுறுத்தியது. உறுப்பு வணிகத்தைத் தடுப்பதே அதன் நோக்கம் என்றாலும், தொற்றின் தடத்தைப் பின்தொடரவும் அந்த எண் உதவும்.