காவல் போன கதை

கதவைத் தாளிட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுக்கிறீர்கள். திருடு போனால்? போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பீர்கள்; பொருள் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். இருநூறு வருஷங்களுக்கு முன் மதுரைச் சீமையில் சங்கதி வேறு. களவு போன மாட்டைக் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் விலையைத் தாமே கொடுக்க வேண்டும்! அதற்காகத்தான் களத்தில் நெல் அளக்கும்போதே அவருக்கும் ஒரு பங்கு அளந்தார்கள்.

ஊருக்குள் ஸ்தலக் காவல். பல ஊர்களுக்கும் பாதைகளுக்குமாகச் சேர்த்துத் திசைக் காவல். இது பெரும்பாலும் பாளையக்காரர் கையில் இருந்தது. எல்லாம் தர்மப்படி நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். காவல் கூலி கொடுக்காத வீட்டு மாடுதான் முதலில் காணாமற் போகும்!

1801-ல் ராஜ்யம் கைமாறியது. ஜூலையில் நவாபு ஆட்சியைக் கும்பினியிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் கவர்னர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் வந்தது: ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். பாளையங்களின் கோட்டைகளையும் இடித்தார்கள். சரி, வேலும் வாளுமாகப் பரம்பரை பரம்பரையாகப் பிழைத்தவன் மறுநாள் காலையில் என்ன செய்வான்? அவன் வீட்டில் உலை வைக்க வேண்டியவள் என்ன செய்வாள்? இந்தக் கேள்வியைக் கும்பினித் துரைமார்கள் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

1802-ல் தாரோகாக்களை நியமித்தார்கள். ஊர் அறியாத உத்தியோகஸ்தருக்குக் களவின் துப்பு எப்படிக் கிடைக்கும்? 1816-ல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, மறுபடி கிராமத் தலைவரையும் தலையாரியையுமே நாடினார்கள். வரி வசூலும் போலீஸும் ஒரே கையில் சேர்ந்ததால் ஜனங்கள் பட்ட சித்திரவதையை 1855-ல் ஒரு விசாரணைக் கமிஷன் அம்பலப்படுத்தியது. அதன் பிறகே, 1859-ல், தனிப் போலீஸ் சட்டம் பிறந்தது.

ஆனால் பழைய காவல் செத்துவிட்டதா? இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்தில் கள்ளர் காவல் தொடர்ந்தது. திருட்டு மாட்டை மீட்டுக் கொடுக்கத் துப்புக்கூலி என்றே ஒரு தொகை உண்டு! 1896-ல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் இந்தக் காவலே வேண்டாமென்று கிளம்பினார்கள்.

சர்க்கார் கண்ட வைத்தியமோ நோயைவிடக் கொடியது. குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஒரு ஜாதி முழுவதையும் குற்றவாளிகளாக்கியது. களவு செய்தவனும் ஒன்று, கலப்பை பிடித்தவனும் ஒன்று. கைரேகை கொடுக்க வேண்டும், இரவில் ஆஜராக வேண்டும். 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாண்டவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி.

மதராஸ் சர்க்கார் அந்தச் சட்டத்தை நீக்கியது 1947-ல்.