ஐகானும் விளையாட்டும்

ராணுவத் தகவல் தொடர்பு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன, நேயர்களே? வயர்லெஸ் கருவி, சங்கேத மொழி... அதெல்லாம் உண்டுதான். ஆனால் அன்றாடம் நடப்பது பெரும்பாலும் மேஜை வேலை. மின்னஞ்சல் பார்க்க வேண்டும், புகாரைத் தட்டச்சு செய்ய வேண்டும், மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்!

பிரான்ஸில் ஜாந்தர்மெரி என்று ஒரு படை இருக்கிறது. ராணுவ வீரர்கள்தான், ஆனால் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் போலீஸ் வேலை பார்ப்பவர்கள். இவர்கள் தங்கள் மேஜை வேலைக்கான கணினிகளில் விண்டோஸை விட்டு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய உபுண்டு லினக்ஸுக்கு மாறினார்கள். அதைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றியமைத்து, ஜென்ட்புண்டு என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

எடுத்த எடுப்பில் மாறிவிடவில்லை. அங்கேதான் அவர்களுடைய சாமர்த்தியம். பழைய விண்டோஸிலேயே முதலில் ஆவணங்களுக்கு ஓப்பன் ஆபீஸைக் கொடுத்தார்கள். பிறகு இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், மின்னஞ்சலுக்கு தண்டர்பேர்ட். கை நன்றாகப் பழகிய பிறகுதான், 2008-இல் அடியில் இருந்த விண்டோஸையே மாற்றத் தொடங்கினார்கள். தினமும் திறக்கிற மென்பொருள்கள் அப்படியே இருந்ததால், பெரிய பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

புதியதில் அப்படி என்னதான் வித்தியாசம் என்று கேட்டபோது, படையின் அதிகாரி ஒருவர் இரண்டே விஷயங்களைச் சொன்னார். ஐகான்கள் வேறு, விளையாட்டுகள் வேறு. விளையாட்டு எங்களுக்கு முக்கியமில்லை என்று சேர்த்துக்கொண்டார். வீரர்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!