இரு ஊர்களின் அஸர்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளிலிருந்து சவூதி அரேபியா செல்வோர் விரைவில் உணரும் வேறுபாடுகளுள் ஒன்று அஸர் பாங்கின் நேரமாகும். நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப்போல் இருமடங்காகும்போது அஸர் தொடங்கும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான கூற்று. நம் பகுதி ஹனஃபி பள்ளிவாசல்களின் வழக்கமும் இதுவே. ஹன்பலி மத்ஹப் வழங்கும் சவூதியிலோ, நிழல் ஒரு மடங்கானதுமே பாங்கு ஒலிக்கிறது. ஊரில் வேலை முடித்து அஸருக்குச் சென்றவர், அங்கே வேலைக்கு நடுவே எழ வேண்டியுள்ளது. 'நேரமாகவில்லையே' எனத் தயங்கி, ஜமாஅத்தை விட்டுப் பின்னர் அறையில் தனித்துத் தொழுவோரும் உண்டு. இத்தயக்கம் தேவையற்றது. இமாமவர்களின் முதன்மை மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) இருவரும் ஒரு மடங்கு என்றே கூறியுள்ளனர். ஆகவே அந்த ஜமாஅத்தில் சேர்பவரும் தம் மத்ஹபுக்குள்ளேயே நிற்கிறார்.