பாஸ் ஆனால் போதுமா?



குழு ஆரம்பித்து ஆறு மாதம் ஆனதும் நம்மைத் தரம் பிரிக்க வந்தார்களே, நினைவிருக்கிறதா? தீர்மான நோட்டு, வருகை, சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் பார்த்தார்கள். "நல்லாத்தான் நடக்குதுங்க" என்ற பேச்சு எடுபடவில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் அதே பேச்சைக் கேட்டுவிட்டு நாம் திரும்பி வந்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் போடுவதில்லை. நல்லதுதான். ஃபெயில் போட்டால் முதலில் நின்றுபோவது பெண் பிள்ளைதான். ஆனால் பாஸ் ஆன பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று அர்த்தமில்லை. 2022-ல் 'அசர்' ஆய்வுக்காக கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தது ஒரு காரணம். 2018-லும் சுமார் 10 பேர்தான்.

அதே 2022 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. எந்த வகுப்பு என்று பார்க்காமல், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும் முறை அது. ஆகவே டீச்சரிடம் "நல்லா படிக்கிறாளா?" என்று கேட்காதீர்கள். "என் பொண்ணு அரும்பா, மொட்டா? போன தடவை எதுல இருந்தா?" என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை. பிள்ளையின் வருகையையும் முன்னேற்றத்தையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமை என்று 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவே சொல்கிறது.

"எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், நான் எப்படிப் பார்ப்பேன்?" என்று கேட்கும் அக்காமார் உண்டு. பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளை முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும். தெரிந்த பிள்ளை சட்டென்று சொல்லிவிடும். அடுத்து, "500 ரூபாய் கொடுத்து 365 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு?" பெரிய வகுப்புப் பிள்ளைக்கு இது போதும்.

நம் பக்கத்தில் இன்னொரு விஷயம் உண்டு. 1960-ல்தான் திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் பல வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. வீட்டில் 'நீள்ளு' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத்தில் இருக்கும் 'தண்ணீர்' புதுசு. அதை மக்கு என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டில் என்ன பாஷை என்று டீச்சரிடம் சொல்லிவையுங்கள்.

டீச்சரையும் எடுத்த எடுப்பில் குறை சொல்ல வேண்டாம். ஈராசிரியர் பள்ளியில் இரண்டு பேர் ஐந்து வகுப்பைச் சமாளிக்கிறார்கள். ஆள் குறைவென்றால் அதையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசித் தீர்மானமாக எழுத வேண்டும். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

அடுத்த வாரக் கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக்கோடு பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தையும் எடுத்து வாங்க.