விலையும் வினையும்: மடிகணினி முறைவழியாக்கிகள் இரண்டின் ஒப்பீடு

ஒரு கருவியைக் கொள்ள விழைவோன் அதன் விலையை வினவுதற்கு முன்னர், அதனாற் செய்யப்படவேண்டிய வினை யாதெனத் தன்னையே வினவிக்கொள்ளல் வேண்டும். கிணற்று நீரை இறைக்க இயந்திரம் வாங்குபவன் கிணற்றின் ஆழத்தையும் தோட்டத்தின் பரப்பையும் எண்ணிப் பார்த்தே வாங்குகின்றான். ஆயின் அதே மனிதன் தன் பிள்ளைக்கு மடிகணினி வாங்கக் கடைக்குச் செல்லும்போது இம்முறையை மறந்துவிடுகின்றான். பெட்டியின் மேல் ஒட்டப்பட்டுள்ள சிறு முத்திரையைக் காட்டி, "இதுவே மேலானது" என்று விற்போன் கூற, அவன் கூற்றையே அளவுகோலாகக் கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்து மீளுகின்றான்.

இது சிறிய செய்தி அன்று. 2022ஆம் ஆண்டில் இலங்கை நாணயத்தின் பெறுமதி பெரிதும் வீழ்ந்ததன் பின்னர், பிறநாட்டுப் பொருள்களின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு மடிகணினி வாங்கிக் கொடுப்பதற்காக நகையை அடகு வைக்கும் பெற்றோரும் உளர். அன்றியும், மடிகணினியின் முறைவழியாக்கி இக்காலத்திற் பெரும்பாலும் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றாசிடப்பட்டே வருகின்றது. வாங்கிய பின் அதனைக் கழற்றி வேறொன்றை இடுதல் இயலாது. ஒருமுறை செய்த தெரிவை ஐந்தாறு ஆண்டுகளுக்குச் சுமக்க வேண்டும். ஆகவே பெருவிலை முறைவழியாக்கிக்கும் சிறுவிலை முறைவழியாக்கிக்கும் உள்ள வேறுபாடு யாது, அவ்வேறுபாடு எவ்வினைக்குப் பயன்படும், எவ்வினைக்குப் பயன்படாது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறைவழியாக்கி என்பது கணினியின் கணக்கன். தமிழ்நாட்டார் இதனைச் செயலி என்பர். நினைவகத்திலிருந்து ஒரு கட்டளையை எடுத்தல், அதன் பொருளை உணர்தல், அதனை நிறைவேற்றல் என்னும் இம்மூன்று தொழில்களையே அது ஓயாது செய்கின்றது. 1971ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லு ஏறத்தாழ 2300 திரான்சிஸ்ரர்களைக் கொண்டிருந்தது. இன்றைய சில்லுகள் அவற்றைப் பல நூறு கோடியாகக் கொண்டுள்ளன. எனினும் தொழில் அன்று போலவே இன்றும் அம்மூன்றேயாம்.

பொதுப்படப் பேசுவதினும் உண்மையான இரண்டினை எடுத்து ஒப்பிடுதல் தெளிவு தரும். அந்நிறுவனம் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட கோர் ஐ7-12700எச் என்பதைப் பெருவிலைக்கும், 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட என்100 என்பதைச் சிறுவிலைக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இவ்விரண்டையும் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. இவை இரண்டும் இன்ரெல் 7 எனப் பெயரிய ஒரே உற்பத்தி முறையால் ஆக்கப்பட்டவை. மேலும், என்100இல் உள்ள நான்கு கருக்களும் கிறேஸ்மொன்ற் என்னும் வகையின. அதே வகைக் கருக்கள் எட்டு, ஐ7-12700எச் என்பதன் உள்ளும் இருக்கின்றன! எனவே மலிவானது இழிந்த பொருளாலும் விலையுயர்ந்தது அரிய பொருளாலும் ஆனவை என்று எண்ணுதல் தவறு. ஒரே சூளையிற் சுட்ட செங்கல்லாற் சிறுவீடும் கட்டலாம், மாளிகையும் கட்டலாம். வேறுபாடு கட்டட அமைப்பிலேயே உள்ளது.

அவ்வேறுபாடுகளுள் முதலாவது துடிப்பு வேகம். ஒவ்வொரு முறைவழியாக்கியும் ஒரு கடிகாரத் துடிப்பிற்கு இசையத் தொழில் செய்கின்றது. கடையிற் கிகாஹேட்ஸ் என்று கூறப்படுவது இதன் அளவே. என்100 உச்ச நிலையில் வினாடிக்கு 340 கோடி முறை துடிக்கும். ஐ7-12700எச் உச்ச நிலையில் 470 கோடி முறை துடிக்கும். இவற்றின் விகிதம் ஏறத்தாழ 1.4 மாத்திரமே. ஆயின் துடிப்பை மட்டும் கொண்டு வேகத்தை அளத்தல், அடியின் நீளத்தை நோக்காது அடிகளின் எண்ணிக்கையைக் கொண்டு நடையை அளப்பது போலாகும். ஐ7-12700எச் தன்னுள் கோல்டன் கோவ் என்னும் பெருங்கருக்கள் ஆறினைக் கொண்டுள்ளது. அவை ஒவ்வொன்றும் நிறைவேறாத 512 கட்டளைகளை ஒரே வேளையிற் கண்முன் வைத்து, எது முந்தி முடிக்கத் தக்கது என ஆராயவல்லது. கிறேஸ்மொன்ற் கருவோ 256 கட்டளைகளையே அவ்வாறு வைத்து நோக்கும். ஆகலின் பெருங்கரு ஒரு துடிப்பிற் செய்யும் வேலையும் மிகுதியாகும்.

இரண்டாவது கருக்களின் தொகை. என்100இல் நான்கு கருக்கள். ஐ7-12700எச்சில் ஆறு பெருங்கருக்களும் எட்டுச் சிறுகருக்களுமாகப் பதினான்கு. பதினான்கு கணக்கர் நால்வரினும் மூன்றரை மடங்கு விரைவாக வேலையை முடிப்பர் என்று தோன்றலாம். ஆயின் வேலை பங்கிடத்தக்கதாயின் மட்டுமே அது நிகழும். 1967ஆம் ஆண்டில் ஜீன் அம்டால் என்னும் பொறியியலாளர் இதனைத் தெளிவுபடுத்தினார். ஒரு வேலையின் பாதி பங்கிட இயலாதது, ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யத்தக்கது என்று கொள்வோம். ஒத்த ஆற்றலுடைய பதினான்கு கருக்கள் மீதிப் பாதியைப் பகிர்ந்து செய்தாலும், ஒரு கரு தனித்துச் செய்வதினும் 1.9 மடங்கு விரைவையே பெறலாம். பங்கிட இயலாத பகுதி பத்தில் ஒன்றாயின் அவ்விரைவு ஏறத்தாழ 6 மடங்காகும். ஒருவர் கிணறு வெட்ட மற்றவர் மண் சுமக்கலாம். ஆயின் நூறு பேர் கூடினும் ஒரு கடிதத்தை ஒருவரே எழுத வேண்டும்.

மூன்றாவது, பலர் அறியாததும் மிக முக்கியமானதுமாகிய பதுக்கு நினைவகம். கணக்கன் ஒருவன் தன் மேசையின் மேல் உள்ள ஏட்டைக் கணத்தில் எடுப்பான். அலுமாரியில் உள்ள ஏட்டுக்கோ எழுந்து செல்லல் வேண்டும். பதுக்கு நினைவகம் மேசை. முதன்மை நினைவகமாகிய றாம் அலுமாரி. முறைவழியாக்கி முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு தரவைப் பெற வினாடியின் ஒரு கோடியில் ஒரு பங்கு நேரம் வரை செல்லும். இது நமக்குக் கணமும் ஆகாது. ஆயின் வினாடிக்கு 340 கோடி முறை துடிக்கும் கருவுக்கு அது 340 துடிப்புகள் வாளா இருத்தலாகும். என்100இன் மேசை 6 மெகாபைற்று அளவினது. ஐ7-12700எச்சின் மேசை 24 மெகாபைற்று அளவினது.

மேசை இல்லாவிடின் நேர்வது யாது என்பதை வரலாறே காட்டியது. 1998ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் செலரோன் என்னும் பெயரிற் சிறுவிலைச் சில்லொன்றை முதன்முறையாக வெளியிட்டபோது, விலையைக் குறைக்கும் பொருட்டு அதன் இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகத்தை முற்றாக நீக்கிவிட்டது. அச்சில்லு மந்தமானது எனப் பழிக்கப்பட்டது. அதே ஆண்டில், 128 கிலோபைற்றுப் பதுக்கு நினைவகத்தைச் சில்லின் உள்ளேயே வைத்துச் செலரோன் 300ஏ வெளிவந்தது. துடிப்பு வேகம் முன்னைய 300 மெகாஹேட்ஸ் செலரோனின் வேகமே. ஆயினும் இது பலராலும் விரும்பி வாங்கப்பட்டது. துடிப்பை மட்டும் கேட்டு வாங்குவோர்க்கு இது நல்ல பாடமாகும்.

நான்காவது மின்வலு. என்100 என்பதற்கு நிறுவனம் குறித்துள்ள வலு 6 வாற்று. ஐ7-12700எச் என்பதற்கு அடிப்படை வலு 45 வாற்று. உச்ச நிலையில் 115 வாற்று வரை செல்லும். விரைவுக்கு இத்துணை விலை கொடுக்க வேண்டுவதன் காரணம் இது: துடிப்பை உயர்த்தினால் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும், செலவாகும் வலுவோ துடிப்பினதும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தினதும் பெருக்கத்துக்கு நேர்விகித சமமாக உயரும். இரண்டையும் நூற்றுக்கு 20 வீதம் கூட்டினால் வலு நூற்றுக்கு 73 வீதம் மிகும். அவ்வலு முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். ஆகவே பெருவிலை முறைவழியாக்கிக்குக் காற்றாடியும் செப்புக் குழாயும் தடித்த உடலும் வேண்டும். மெல்லிய உடலுள் அதனை அடைத்தால், வெப்பம் மிகும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் பெட்டியின் உள்ளேயே அடங்கிக் கிடக்கும். என்100ஐயோ காற்றாடி இன்றியும் இயக்கலாம். எனினும் பெருவிலைச் சில்லு எப்போதும் 45 வாற்றை உண்ணும் என்று கருதலாகாது. இலகுவான வேலையை அது விரைவில் முடித்து ஓய்ந்திருக்கும். ஓய்வில் அதன் செலவும் சிறிதே.

இனி, இவ்வேறுபாடுகள் மாணவனின் மேசையில் எவ்வாறு பயன்படும் என்பதைக் காண்போம். கட்டுரை எழுதும் மாணவன் வினாடிக்கு ஐந்து எழுத்துகளைத் தட்டுகின்றான் என்று கொள்வோம். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் என்100இன் ஒரு கரு 68 கோடி முறை துடிக்கவல்லது. ஓர் எழுத்தைத் திரையில் இடுதற்கு அத்துடிப்புகளில் மிகச் சிறு பங்கே போதும். எஞ்சிய நேரம் முழுவதும் அது மாணவனின் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கின்றது. இவ்விடத்தில் ஐ7-12700எச் செய்யக்கூடியது இன்னும் மிகுதியாகக் காத்திருத்தல் ஒன்றே. கட்டுரை எழுதல், நூல்களைத் திரையிற் படித்தல், விரிவுரைகளை இணையவழிக் கேட்டல், சாதாரண கணக்கேடுகளை ஆக்கல் ஆகியவற்றுக்குச் சிறுவிலை முறைவழியாக்கி போதுமானதே.

ஆயின் இதனாற் பெருவிலை வீண் என்று முடிவு கூறலாகாது. நீண்ட நிகழ்படத்தைத் தொகுப்போர், கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரைவோர், பெரிய மென்பொருள்களைத் தொகுத்து இயக்குவோர், பெருந்தரவுகளைப் புள்ளிவிவர முறையால் ஆராய்வோர் ஆகியோரின் வேலை பங்கிடத்தக்கது. பெரிய மேசையையும் வேண்டுவது. அவர்க்குச் சிறுவிலைச் சில்லு பகற்பொழுதைத் தின்றுவிடும். பொறியியல் பயிலப் போகும் பிள்ளைக்குச் சிக்கனம் கருதி அதனை வாங்கிக் கொடுத்தல் பின்னர் இரட்டைச் செலவாக முடியலாம்.

மேலும் ஒன்று கூறல் வேண்டும். மந்தமான மடிகணினி பலவற்றிற் குற்றம் முறைவழியாக்கியினுடையது அன்று. முதன்மை நினைவகம் 4 கிகாபைற்று மட்டுமே ஆயின், அது நிரம்பியதும் கணினி தன் தரவுகளைச் சேமிப்பகத்துக்கு மாற்றி மாற்றி எடுக்கத் தொடங்கும். திண்மநிலைச் சேமிப்பகமும் முதன்மை நினைவகத்தினும் பல நூறு மடங்கு தாமதமானது. சுழலும் வன்தட்டோ ஏறத்தாழ நூறாயிரம் மடங்கு தாமதமானது. அலுமாரிக்குப் பதிலாக அயலூர்க் களஞ்சியத்துக்குச் சென்று ஏடு எடுக்கும் கணக்கன் எத்துணைக் கெட்டிக்காரனாயினும் என்ன பயன்? ஆகவே கையிலுள்ள பணம் சிறிதாயின், உயர்ந்த முத்திரையோடு 4 கிகாபைற்று உடையதைக் கொள்ளாது, எளிய முறைவழியாக்கியோடு 8 அல்லது 16 கிகாபைற்று நினைவகமும் திண்மநிலைச் சேமிப்பகமும் உடையதைக் கொள்ளல் நன்று.

முத்திரையை மாத்திரம் நம்புதலும் தகாது. கோர் ஐ7-1255யு என்பதும் 2022ஆம் ஆண்டிற்குரிய ஐ7தான். அதன் உச்சத் துடிப்பும் 470 கோடிதான். ஆயின் அதில் உள்ள பெருங்கருக்கள் இரண்டே. பதுக்கு நினைவகம் 12 மெகாபைற்றே. அடிப்படை வலு 15 வாற்றே. இறுதியில் நிற்கும் ஓர் எழுத்தே இவ்வளவு வேறுபாட்டையும் சுமந்து நிற்கின்றது. இது குறையும் அன்று. மெல்லிய உடலுக்கும் நீடித்த மின்கலத்துக்கும் அதுவே பொருத்தம். ஆயின் வாங்குபவன் அறிந்து வாங்க வேண்டும். பெயர்கள் தாமும் நிலையா. பல்லாண்டு வழங்கிய பென்ரியம், செலரோன் என்னும் பெயர்களைப் புதிய மடிகணினிச் சில்லுகளுக்கு இடும் வழக்கை 2023ஆம் ஆண்டோடு அந்நிறுவனமே கைவிட்டது. பெயர் மாறினும், கேட்கவேண்டிய வினாக்கள் மாறா: கருக்கள் எத்தனை, எவ்வகையின? பதுக்கு நினைவகம் எவ்வளவு? வலு எவ்வளவு? நினைவகமும் சேமிப்பகமும் எவை? இவை அனைத்துக்கும் முன்னர், என் பிள்ளை இதனால் யாது செய்யப்போகின்றான்?

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பர் நம் முதியோர். சிறுவிலை மடிகணினியோடு வகுப்புக்கு வரும் மாணவன் நாணவேண்டுவதில்லை. பெருவிலை மடிகணினியோடு வருபவன் செருக்கவேண்டுவதும் இல்லை. இருவர் பெட்டியினுள்ளும் ஒரே வகைக் கரு துடிக்கக் கூடும் என்பதை மேலே கண்டோம். முறைவழியாக்கி வினாடிக்கு எத்தனை கோடி முறை துடிப்பினும், அடுத்த கட்டளை வரும்வரை காத்தே நிற்கும். அக்கட்டளையை இடுவது மாணவனின் அறிவாகலின், கடன்பட்டு வாங்கும் வேகத்தினும் கற்றுப் பெறும் தெளிவே அவனுக்கு உறுதுணையாகும்.